ஒண்ணு மூணு நாலு ரெண்டு

அன்புள்ள சின்னவளுக்கு அம்மா எழுதுறது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கணும், இங்கே என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. போன்ல பேசினா உங்கப்பா பக்கத்துலயே உட்கார்ந்திருக்கார், அதனாலதான் இந்தக் கோணல் எழுத்து, பொறுமையா படி.

நம்ம பழைய கார் போன மாசம் தண்ணி பம்ப் ஒழுகி முக்குப் பட்டறை மெக்கானிக்கிட்ட போச்சு. பன்னிரண்டு வருஷம் முன்னாடி நம்ம நல்ல பேட்டரியைக் கழட்டிட்டு எவனோ தூக்கிப் போட்டதை மாட்டி அனுப்பினானே, அதே ஆள்தான், நீங்க எல்லாரும் மறந்துட்டீங்க, நான் மறக்கல. திரும்பி வந்த அன்னிக்கு வண்டி நல்லாத்தான் ஓடுச்சு. மறுநாள் ஸ்டார்ட் பண்ணினா காய்ச்சல்காரன் மாதிரி உதறுது, சைலன்சர் டப்பு டப்புன்னு வெடிக்குது, மேட்டுல ஏற மாட்டேங்குது. விடுவேனா, பட்டறைக்கே நடந்து போய் நாலு பேர் முன்னாடி பேட்டரியில ஆரம்பிச்சு அவனை உண்டு இல்லைன்னு ஆக்கிட்டேன். கூடவே வந்தான், பானெட்டைத் திறந்தான், ரெண்டு பிளக் ஒயரை இடம் மாத்திச் சொருகினான், உதறல் நின்னுடுச்சு. பம்பைத் தவிர எதையும் நான் தொடலம்மான்னான். புளுகாதேன்னு அனுப்பிட்டேன்.

ரெண்டே நாள், மறுபடி அதே உதறல். அப்பதான் எனக்குச் சந்தேகம் வந்து விடிஞ்சதும் ஜன்னல்ல நின்னு பார்த்தேன். பட்டறைக்குப் போய் வந்தா கண்டவன் கை பட்டுதுன்னு உங்கப்பா நாலு ஒயரையும் பிடுங்கித் துடைச்சு மாட்டுவாரே, நீ டார்ச் பிடிப்பியே, ஒண்ணு மூணு நாலு ரெண்டுன்னு வாய் ஓயாம வரிசை சொல்லிக்கிட்டே மாட்டுவாரே, அதையேதான் செஞ்சுக்கிட்டு இருந்தார், வாய் மட்டும் மூடியிருந்துச்சு. ஒரு ஒயரைக் கையில பிடிச்சுக்கிட்டு எங்கே சொருகறதுன்னு தெரியாம ரொம்ப நேரம் நின்னார். நான் போய் மூணாவது இங்கேன்னு காட்டினேன். முப்பது வருஷம் கம்பெனி வண்டி ஓட்டின மனுஷன், உனக்கென்னடி தெரியும், உள்ளே போய் அடுப்பைப் பாருன்னு எரிஞ்சு விழுவார்னு காத்துக்கிட்டு நின்னேன். அப்படியான்னு கேட்டார். சின்னப் பிள்ளை மாதிரி அப்படியான்னு கேட்டார்டி.

டாக்டர் தலையைப் படம் எடுத்துப் பார்த்துட்டார். ஞாபகம் இனிமே குறையத்தான் செய்யும், சாவியை வாங்கி வெச்சுடுங்கன்னு சொல்லிட்டார். சாவி என் தலையணைக்கு அடியில இருக்கு, வண்டி வாசல்ல நிக்குது. அவர் தினமும் பானெட்டைத் திறந்து துடைச்சு மாட்டுறார், அவர் குளிக்கப் போனதும் நான் போய் வரிசையைச் சரி பண்ணி வைக்கிறேன். ஓடாத வண்டிக்கு எதுக்கும்மான்னு கேட்காதே. மெக்கானிக்கிட்ட இன்னும் போய்ச் சொல்லல. பேட்டரி விஷயம் வேற, அதுக்கு அவனை மன்னிக்க மாட்டேன், ஆனா இந்த ஒரு தப்பையும் அவனே பண்ணியிருக்கக் கூடாதா.

அடுத்த வருஷம் வர்றேன்னு நீ சொல்றது இது மூணாவது தடவை, என்னென்னிக்குச் சொன்னேன்னு தேதியோட சொல்லவா. அடுத்த வருஷம் வந்தா நான் உன்னை அடையாளம் கண்டுக்குவேன், என்னால அவ்வளவுதான் சொல்ல முடியும்.

நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும், புத்தி கெடாம இருக்கணும். ஞாயித்துக்கிழமை போன்ல வண்டி எப்படிப்பா இருக்குன்னு மறக்காம கேளு. நல்லா ஓடுதுன்னு சொல்வார். சரிப்பான்னு சொல்லிடு.

இப்படிக்கு,
உன் அம்மா