நாற்பது பேர் சிரித்த கூட்டம்

பாபநாசம்,
ஞாயிறு மாலை.

அன்பு மகள் கனிமொழிக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், மெல்போர்னில் நீயும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். குறுவை அறுத்து நெல் ரோட்டில் காய்கிறது, மேகம் கூடும்போதெல்லாம் அப்பா தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். என் செல்போன் போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறது, அதனால்தான் கடிதம்.

அப்பா போனில் நீ கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். நடந்ததை நீ துண்டு துண்டாகத்தான் கேட்டிருப்பாய். போன மாதம் வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடும் கூட்டத்தில், நம் தெருக்காரர்கள் வயலுக்கு ஒன்பது நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று அப்பா எழுந்து சொன்னார். பாசனச் சங்கத் தலைவர் மைக்கில் நம் சாதிப் பெயரைச் சொல்லி, "இவனுங்க குளிச்சா மட்டும் நாத்தம் போயிடப் போவுதா" என்றார். நாற்பது பேர் சிரித்தார்கள். அன்றே அதை ஃபேஸ்புக்கில் எழுதினேன், சாதிப் பெயர் உட்பட ஒரு சொல் மாற்றாமல். முப்பத்தொரு வருடம் நிருபராக இருந்தேன், இப்படி எழுதி அனுப்பினால் செய்தியைத் திருத்தும் டெஸ்க்கில் "இழிவாகப் பேசினார்" என்று சுருக்கிவிடுவார்கள், படிக்கிறவர்கள் ஏதோ கோபத்தில் திட்டிவிட்டார் போலிருக்கிறது என்று பக்கத்தைத் திருப்புவார்கள். இந்த முறை எனக்கு மேலே டெஸ்க் இல்லை.

நான் கொடுத்த புகாருக்கு ரசீது மட்டும் தந்தார்கள். என் மேல் வழக்கே போட்டுவிட்டார்கள், இரு பிரிவினரிடையே பகையைத் தூண்டினேனாம். "மேடம், அவர் பேசுனதுக்கு ரெக்கார்டு இல்ல, நீங்க எழுதுனது எங்க கையில இருக்கு, நாங்க என்ன செய்யறது சொல்லுங்க" என்றார் இன்ஸ்பெக்டர், மரியாதையாகத்தான். சிரித்த நாற்பது பேரில் ஒருவர் காதிலும் எதுவும் விழவில்லையாம். மைக் செட் போட்ட அப்துல் ஹமீதுகூட "ஜெனரேட்டர் சத்தத்துல கேக்கலக்கா" என்று தலையைக் குனிந்துகொண்டார். "சிரிக்கிறப்ப மட்டும் கேட்டுச்சாக்கும்" என்றார் அப்பா. வெறுப்புப் பேச்சைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும் என்று எத்தனை முறை எழுதியிருப்பேன், இப்போதும் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. பேசியவரை விட்டுவிட்டு எழுதியவளைப் பிடிக்கவும் அதே சட்டம் போதும் என்பதை மட்டும் அறுபத்திரண்டு வயதில் தெரிந்துகொண்டேன்.

நாளைக்குள் வருத்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் வழக்கை முடித்துவிடலாம் என்கிறார்கள் ஸ்டேஷனில். ஒரு கையெழுத்துதானே, போட்டுட்டு நிம்மதியா இரும்மா என்று நீயும் சொல்கிறாய். அவர்கள் டைப் செய்து தந்த தாளை மூன்று முறை படித்தேன். யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன் என்ற வரியோடு நின்றிருந்தால் உனக்காகப் போட்டிருப்பேன். அடுத்த வரியில், கூட்டத்தில் அப்படி எவரும் பேசவில்லை என்று இருக்கிறது. அந்த நாற்பது பேர்கூடக் காதில் விழவில்லை என்றுதான் சொன்னார்கள். நான் கையெழுத்துப் போட்டால், அவர் அதைப் பேசவே இல்லை என்று எழுதிக் கொடுத்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். போட மாட்டேன் கனி.

தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வேலைக்குப் போகாதே. போனில் அப்பாவிடம் அழாதே, அன்றைக்கு அவர் சாப்பிடுவதில்லை. நீ நினைத்ததெல்லாம் கூடிவரட்டும், நன்றாக இரு. என் பதிவை நீ பகிர்ந்திருந்தது இப்போது உன் ஃபேஸ்புக் பக்கத்தில் இல்லை என்று உன் தம்பி இனியவன் சொன்னான். அங்கேயே தங்குவதற்கான விசா இன்னும் உன் கைக்கு வரவில்லை, அதை நீ எடுத்துவிட்டதே சரி, நான் ஒன்றும் நினைக்கவில்லை.

உன் அம்மா,
இரா. அம்சம்