உன் பெயரில் வந்த வண்டி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். நான் நலமாக இருக்கிறேன். எல்லாக் கடிதத்திலும் வருகிற வரிதானே என்று தாண்டிப் போய்விடாதே, இந்த முறை அதை இன்னொரு தரம் படித்துக்கொள், ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். கொஞ்ச நாளாக என் போன் பாதி நேரம் உன் தம்பி கையில்தான், ரீசார்ஜ் பண்ணித் தருகிறேன் என்று வாங்கிப்போய் நான் யாரிடம் பேசினேன் என்று பார்த்துவிட்டுத்தான் திருப்பித் தருகிறான். அதனால் இதை எழுதி நானே தபால் ஆபீசுக்குப் போய்ச் சேர்க்கப் போகிறேன்.

அப்பா நன்றாக இருக்கிறார், சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் கட்டுக்குள் இல்லை. மாடியில் துணி காயப்போடப் போனால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது, வயசானால் அப்படித்தான். இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் வாசலில் ஒரு கார் நிற்கிறது. மஞ்சள் நிறம், என் இடுப்பு உயரம்கூட இல்லை, உட்கார இரண்டே இடம். வெளிநாட்டு ரேஸ் கார். அதை உள்ளே கொண்டுவர கேட்டை ஒரு பக்கம் கழற்றினார்கள், அடிப்பாகம் தட்டிவிடும் என்று வாசலில் பலகை போட்டு அங்குலம் அங்குலமாகத் தள்ளினார்கள். இவ்வளவு வேகமாக ஓடுகிற வண்டியை இப்படித் தவழவிட்டுக் கொண்டுவருகிறார்களே என்று எதிர்வீட்டு டீச்சர் சிரித்தாள், நானும் சேர்ந்து சிரித்தேன். அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது. டிப்போவில் பஸ்களைப் பார்த்தே காலம் தள்ளிய உன் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை, என் பழைய புடவையைக் கிழித்து அதைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார். தம்பி வேலை பார்க்கும் ஷோரூமுக்கு வந்துபோகிற ஒரு கான்ட்ராக்டருடைய வண்டி, இடம் இல்லாததால் இங்கே நிற்கிறது என்றுதான் என்னிடம் சொன்னான். அந்த ஆள் சாயங்காலம் வருவார், தார்ப்பாயை விலக்கி உள்ளே உட்காருவார், எஞ்சினைப் போடுவார். ஜன்னல் கண்ணாடி எல்லாம் அதிரும். எங்கேயும் போகமாட்டார், அணைத்துவிட்டு என்னைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அந்த வணக்கம் எனக்குப் பிடிக்கவே இல்லை.

பிறகு ஒருநாள் காலையில் சுங்கத்துறை அதிகாரி வந்தார். சின்ன வயசு, மெதுவான பேச்சு. உங்க மகள் இருக்காங்களாம்மா என்றார். அவள் இங்கே ஏது என்று கேட்க வாய் எடுத்தேன், அவருக்குப் பின்னால் நின்ற தம்பி கண்ணாலேயே கெஞ்சினான். என்ன ஏது என்று தெரியாமலே, உள்ள தூங்குறா, ஆஸ்பத்திரியில ராத்திரி டூட்டி என்று சொல்லிவிட்டேன். சரிம்மா, எழுந்ததும் சொல்லுங்க, மறுபடி வர்றேன் என்று போய்விட்டார். அவர் போன பிறகுதான் தம்பி வாயைத் திறந்தான். இந்த மாதிரி வண்டியைக் கொண்டுவந்தால் இங்கே விலையைவிட வரி அதிகம். ஆனால் வெளிநாட்டில் இருந்தவர்கள் நிரந்தரமாகத் திரும்பி வந்தால், அங்கே ஓட்டிய வண்டி ஒன்றைக் கொஞ்ச வரியோடு கொண்டுவரலாமாம். அந்தச் சலுகையில்தான் இது வந்திருக்கிறது. திரும்பி வந்தவள் நீதான். போன முறை நீ வந்தபோது வீட்டை உன் பேருக்கும் அவன் பேருக்கும் மாற்ற வேண்டும் என்று பாஸ்போர்ட் நகலும் கையெழுத்தும் வாங்கினானே, அது வீட்டுக்கு இல்லை. சைக்கிள் பழகும்போது நின்ற லாரியில் போய் முட்டியவள் நீ, உன் பேரில் இந்த வண்டி. இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் எழுந்து போய் வாசல் கதவைத் தாழ் போட்டேன்.

அதற்குப் பிறகு இந்த வீட்டில் நீ இருக்கிறாய். அலமாரியில் நீ விட்டுப்போன செருப்பை எடுத்து வாசலில் வைத்தோம். உன் சுடிதாரை நனைத்துக் கொடியில் போட்டோம், காய்ந்ததும் மறுபடி நனைத்துப் போட்டேன். உன் அறை ஜன்னலைத் திறந்து, மின்விசிறியை ஓடவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், முதல் இரண்டு நாள் எனக்கு அது பிடித்திருந்தது. கொடியில் உன் துணியைப் பார்த்தபோது நீ குளித்துவிட்டு வரப்போகிறாய் என்றே இருந்தது. அந்த அளவுக்கு உன்னைத் தேடுகிறது மனசு. பிறகு அதே துணியைப் பார்க்கப் பயமாகிவிட்டது.

அதிகாரி மறுபடி வந்தார். நீ வேலைக்குப் போயிருக்கிறாய் என்றேன். எந்த ஆஸ்பத்திரி என்று அவர் கேட்கவே இல்லை. வாசலில் குனிந்து பார்த்துவிட்டு, இந்தச் செருப்புல ஒரு தூசிகூட இல்லையேம்மா என்றார். உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தார். கோபப்படவில்லை. ஊரில இல்லாதவங்க பேர்ல நிறைய வண்டி வந்திருக்கும்மா, உங்க வீட்டு வண்டி அதில ஒண்ணு. உங்க மகள் இங்க வந்தா வண்டி அவங்களோடதுன்னாலும் சரி, இல்லைன்னாலும் சரி, கேஸ் முடியற வரைக்கும் பாஸ்போர்ட் எங்ககிட்டதான் இருக்கும், அது எத்தனை வருஷமோ என்றார். போகும்போது தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுப் போனார். தெருமுனையில் அன்றிலிருந்து ஒரு வெள்ளை வேன் நிற்கிறது. அதில் இருப்பவர்கள் அவருடைய ஆட்களா, கான்ட்ராக்டருடைய ஆட்களா என்று தெரியவில்லை. அப்பாவைக் கேட்டால், நீ ஒண்ணும் கற்பனை பண்ணாதே என்கிறார், ஆனால் வண்டியைத் துடைப்பதை நிறுத்திவிட்டார்.

நேற்று நான் சமையலறையில் இருந்தேன். கான்ட்ராக்டரும் தம்பியும் ஜன்னலுக்கு வெளியே வண்டிப் பக்கத்தில் நின்று பேசினார்கள். உன் அக்கா பத்து நாள் வந்து, வண்டி என்னுதுதான்னு கையெழுத்துப் போட்டுட்டா முடிஞ்சுது, வரவழைக்கிறது உன் பொறுப்பு என்றார் அவர். குழந்தை ஸ்கூலுக்குப் போகுதுண்ணே, அக்கா வரமாட்டா என்றான் தம்பி. அம்மாவுக்கு முடியலைன்னு ஒரு போன் போடு, எந்தப் பொண்ணு வராம இருப்பா என்றார். தம்பி மாட்டேன் என்று சொல்லிவிடுவான் என்று நான் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். சரிண்ணே என்றான்.

அதனால்தான் இந்தக் கடிதம். அவன் அழுதுகொண்டு பேசினாலும், நான் படுத்திருப்பதை வீடியோவில் காட்டினாலும், அப்பாவே பேசினாலும் நீ டிக்கெட் எடுக்காதே. அங்கே ஒரு நல்ல வக்கீலைப் பார், இந்த வண்டி என்னுடையது இல்லை, நான் திரும்பி வரவும் இல்லை என்று எழுதி இங்குள்ள சுங்கத்துறைக்கு அனுப்பு. தள்ளிப்போடாதே. அப்படி எழுதினால் உன் தம்பி உள்ளே போவான். தெரிந்துதான் சொல்கிறேன். அவனும் நான் பெற்றவன்தான், நினைத்தால் வயிறு எரிகிறது, ஆனால் குட்டி அங்கேயும் நீ இங்கேயும் கிடக்க நான் விடமாட்டேன். அவனுக்கு வேண்டியதை நான் இங்கே இருந்து பார்த்துக்கொள்கிறேன். அவனைத் திட்டி எதுவும் எழுதாதே, போனில் இதைப் பற்றி மூச்சு விடாதே.

வேளைக்குச் சாப்பிடு. குட்டிக்குக் குளிர் தாங்காது, காதை மூடி அனுப்பு. மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லிவிடு. எல்லோரும் நூறு வயசு நன்றாக இருங்கள். ஒவ்வொரு கடிதத்தையும் எப்போது வருவாய் என்று கேட்டுத்தான் முடிப்பேன், இன்றைக்கு அதைக் கேட்கவில்லை. மறக்காதே, நான் நலமாக இருக்கிறேன். முடியவில்லை என்று போன் வந்தால் அது பொய். ஒருவேளை அது உண்மையாகவே இருந்தாலும் வராதே.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா