நீல கேட் வீட்டுச் சுவர்

மார்ச் 4, திங்கள்

பெயின்ட் கடையில் இருபது டின் வாங்குபவர்களுக்கு மட்டும் கொடுக்கும் டைரி இது. டின் வாங்கியது தரகர், டைரி வாங்கியது நான். எட்டாம் வகுப்போடு நின்றவன் டைரி எழுதுகிறானே என்று யாரும் சிரிக்க வேண்டாம். அந்தக் காலத்து எட்டு இந்தக் காலத்துக் கல்லூரிக்குச் சமம்.

நீல கேட் வீட்டு வேலை இன்று முடிந்தது. பெரிய பள்ளிக்கூடத்துக்குப் பின்தெரு. மூன்று அறை, வாசலில் ஒரு முழம் தோட்டம். உள்ளறையின் மேற்குச் சுவர்தான் வில்லங்கம். தரையிலிருந்து இடுப்பு உயரம் ஓதம் ஏறி, உப்புப் பூத்து, விரலால் தொட்டாலே உதிர்ந்தது. சுரண்டினேன். மூன்று நாள் ஹீட்டர் வைத்து உலர்த்தினேன். கறை மேலே வராமல் பிடிக்கும் பிரைமர், இரண்டு கை பட்டி, உப்புத்தாள் தேய்ப்பு, இரண்டு கோட் வெள்ளை. இப்போது அந்தச் சுவரைப் பார்த்துத் தலை வாரலாம்.

தரகர் வந்து பார்த்துவிட்டு, "உங்க கை பட்டா செத்த சுவரும் எழுந்து உட்காரும்" என்றார். வார்த்தைக்கு வார்த்தை அப்படி இல்லை. "பரவாயில்ல, மழை வரைக்கும் தாங்கும்" என்றார். உள்ளர்த்தம் அதுதான்.

மார்ச் 6, புதன்

எங்கள் குடித்தனம் ஒன்றரை அறையில். தங்கச்சி, மாப்பிள்ளை, அவர்கள் மகள், நான். மகளுக்குப் பத்து வயது. நான் வைத்த பெயர் வக்கீல். கேள்வி கேட்டே ஆளைச் சாய்த்துவிடுவாள்.

மாப்பிள்ளை விடியும் முன் ரொட்டி வண்டி எடுக்கிறார், மாலையில் ஒரு கிடங்கில் சரக்கு ஏற்றுகிறார். தங்கச்சி பகலில் பல் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறாள், வந்ததும் திரைச்சீலை தைக்கிறாள். நாலரை மணிக்கு இவள் உள்ளே வர, அவர் வெளியே போக, வாசலில் சாவி கைமாறும். தொடர் ஓட்டக்காரர்கள் தோற்றார்கள். சில நாள் அந்த ஒரு நிமிடம்தான் அவர்கள் பேசிக்கொள்வது.

வக்கீலைப் பள்ளிக்குக் கூட்டிப்போவது என் பொறுப்பு. இரண்டு பஸ். முதல் பஸ்ஸில் என் தோளில் தூங்குவாள், இரண்டாவதில் கேள்வி கேட்பாள். அந்தப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு வாத்தியாரே கிடையாது. பெரிய பள்ளியில் ஒன்றுக்கு மூன்று பேர். ஆனால் சுற்றியுள்ள நான்கு தெருப் பிள்ளைகளைத்தான் சேர்ப்பார்கள். ஏப்ரல் இருபதுக்குள் வீட்டு ஒப்பந்தத்தின் நகலோடு மனுப் போட வேண்டும். தவறினால் இந்த வருடம் போயிற்று.

வீடு வாங்க ஏழு வருடமாகப் பணம் சேர்க்கிறார்கள். தங்கச்சியின் கண்ணாடி ஒரு காதில் நூலால் நிற்கிறது. மாப்பிள்ளையின் செருப்பில் பழைய செருப்பு என்று வார் மட்டும்தான் மிச்சம், மற்றதெல்லாம் மாற்றியாயிற்று. நானும் சேர்க்கிறேன். தொகையை இங்கே எழுதினால் டைரி கண் வைத்துவிடும்.

மார்ச் 9, சனி

சாப்பிடும்போது நீல கேட் வீட்டைப் பற்றிச் சொன்னேன். வெளிச்சம், காற்று, சன்னலில் நின்றாலே பள்ளி மணி கேட்பது. ஒரு கட்டத்தில் தோட்டத்தில் கிணறு வேறு வந்துவிட்டது. வாய் வேகத்தில் வருவதுதான்.

"கிணறா?" என்றார் மாப்பிள்ளை.

"கிணறு மாதிரி ஒரு தொட்டி."

"அண்ணன் கிணறுன்னு சொன்னா ஒரு வாளியாவது இருக்கும்" என்றாள் தங்கச்சி. எல்லோரும் சிரித்தோம். சுவரைப் பற்றிப் பேச்சு வரவில்லை. யாரும் கேட்கவில்லை.

மார்ச் 10, ஞாயிறு

நான் வேறு வேலையில் இருந்தேன். இவர்கள் இரண்டு பேரும் தரகரைப் பிடித்து, நீல கேட் வீட்டைப் பார்த்துவிட்டு வந்துவிட்டார்கள்.

தங்கச்சி தையல் மெஷினில் உட்காரவே இல்லை. "அந்த உள்ளறைச் சுவர் இருக்கே அண்ணே, கையை வச்சா வழுக்கிக்கிட்டு போகுது. நீங்க அடிச்சதுன்னு தரகர் சொன்னார். எனக்குப் பெருமையா இருந்துச்சு."

விலையும் இவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை இருபத்திரண்டாம் தேதி முன்பணம்.

நன்றாகத் தூங்கினேன் என்று எழுதலாம்.

மார்ச் 12

சொல்லியிருக்கலாம். நேற்றுச் சொல்லியிருக்கலாம். முந்தாநாள் சொல்லியிருந்தால் இன்னும் சுலபம்.

மார்ச் 14, வியாழன்

தரகரைப் பார்த்தேன். இந்த வட்டாரத்தில் எனக்கு வரும் பத்து வேலையில் எட்டு அவர் கொடுப்பது. டீ வாங்கிக் கொடுத்தார், அதிசயம்.

"உங்க தங்கச்சின்னு தெரியாது. தெரிஞ்ச பிறகு என் கமிஷன்ல பாதியைக் குறைச்சுட்டேன்."

"அந்தச் சுவர்..." என்றேன்.

"எந்தச் சுவர்?" என்றார். டீயை ஆற்றிக்கொண்டே என்னையே பார்த்தார். "பன்னெண்டு வீடு ஒரே கட்டடத்துல வருது. உள்ளே வெளியே மொத்தமும் உங்களுக்குத்தான்னு நினைச்சிருக்கேன். நினைக்கட்டுமா வேண்டாமா?"

நினைக்கச் சொன்னேனா என்று ஞாபகமில்லை. டீ நன்றாக இருந்தது.

மார்ச் 15

வேலைக்குப் போகும் வழியில் நீல கேட் வீட்டுக்குள் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்துதான் இருக்கிறது.

மார்ச் 17, ஞாயிறு

குடும்பமே போனோம். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், மகனோடு போய் இருக்கப்போகிறார். வக்கீலிடம் பதினேழாம் வாய்ப்பாடு கேட்டார். அவள், "நீங்க ஏன் இவ்வளவு நல்ல வீட்டை விக்கிறீங்க?" என்று திருப்பிக் கேட்டாள். அவர், "மூணு அறையையும் ஒருத்தனே பெருக்க முடியலம்மா" என்றார்.

எந்த அறை யாருக்கு என்று பேச்சு வந்தது. வக்கீல் நேராக உள்ளறைக்குப் போய் மேற்குச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள்.

"மாமா அடிச்ச சுவர் பக்கம்தான் என் கட்டில்."

எனக்கு ஒரு யோசனை ஓடிக்கொண்டே இருக்கிறது. உண்மையிலேயே என் வேலை அவ்வளவு சுத்தமாக இருந்து, ஓதம் உள்ளேயே அடங்கிப்போயிருந்தால்? முப்பது வருட அனுபவம். அப்படி நடக்கக் கூடாது என்று சட்டமா? சொன்னால், என் வேலை வெறும் பூச்சு என்று நானே சொன்னதாகிறது. சொல்லாவிட்டால் நான் கெட்டிக்காரன். மழை வரைக்கும்.

மார்ச் 19, செவ்வாய்

சொன்னேன்.

தங்கச்சி தைத்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை கிடங்குக்குக் கிளம்ப, சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தார். "அந்த உள்ளறைச் சுவர்ல இடுப்பு உயரத்துக்கு ஓதம். யாராலும் கண்டுபிடிக்க முடியாத மாதிரி மூடி வச்சிருக்கேன்" என்றேன்.

மாப்பிள்ளை சிரித்தார். "விட்டா சுவருக்குள்ள ஆறு ஓடுது, நான்தான் அணை கட்டினேன்னு சொல்வீங்க மச்சான்."

"இல்ல, நிஜமாவே..."

"அண்ணே, உங்க வேலை நல்ல வேலைதான். நாங்கதான் பார்த்தோமே" என்றாள் தங்கச்சி, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். ஆறுதல் சொல்வது மாதிரி.

சாவி கைமாறியது. அவர் போய்விட்டார். என்ன கொடுமை இது. கிணறு என்று சொன்னால் வாளியாவது இருக்கும் என்கிறார்கள், ஓதம் என்று சொன்னால் ஒரு சொட்டுகூட இல்லையாம். நான் சொன்ன விதமும் அப்படித்தான். அதிலும் என் கெட்டிக்காரத்தனத்தைத்தான் முதலில் வைத்தேன். வேறு மாதிரி சொல்ல எனக்கு வரவில்லை.

மார்ச் 20

இதுவரை எத்தனை சுவர் இப்படி மூடியிருப்பேன் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். பதினொன்று. இதில் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அந்த வீடுகளில் யார் குடிவந்தார்கள் என்று ஒருநாளும் விசாரித்ததில்லை. எந்தப் பிள்ளை எந்தச் சுவர் பக்கம் படுத்ததோ.

மார்ச் 22, வெள்ளி

முன்பணம் நீல கேட் வீட்டிலேயே. வாத்தியார், தரகர், நாங்கள். மாப்பிள்ளை கிடங்குக்கு அரைநாள் லீவு போட்டிருந்தார். தங்கச்சி கல்யாணத்துக்குப் போவது மாதிரி தலை வாரியிருந்தாள். உறை அவள் பையில்.

தரகர் காகிதத்தை விரித்தார். நான் உள்ளறைக்குப் போனேன். பட்டித் தகடு எப்போதும் என் பையில் இருக்கும். மேற்குச் சுவரில், தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில் தகட்டைச் செருகி இழுத்தேன். நல்ல வேலை. சுலபத்தில் வரவில்லை. மூன்றாவது இழுப்பில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே கறுப்பு. விரலை வைத்தேன், ஈரம்.

சத்தம் கேட்டு எல்லோரும் வந்துவிட்டார்கள்.

"என்னண்ணே பண்றீங்க" என்றாள் தங்கச்சி. அப்புறம் பார்த்தாள். அவளும் விரலை வைத்தாள்.

"நான்தான் மூடினேன்" என்றேன். அதற்கு மேல் ஒன்றும் சேர்க்கவில்லை.

வாத்தியார் தரகர் பக்கம் திரும்பினார். "குழாயைச் சரிபண்ணச் சொல்லித்தானே உங்ககிட்ட பணம் கொடுத்தேன்?"

"பண்ணியாச்சு சார். இது பழைய ஈரம்."

"பழைய ஈரம் விரல்ல ஒட்டுமா?" வாத்தியார் சத்தம் போடவில்லை. வகுப்பில் தப்பான விடையைக் கேட்பது மாதிரி கேட்டார்.

தரகர் காகிதத்தை மடித்தார். போகும்போது என்னிடம், "இனிமே உங்க கைக்கு வேலை இருக்காது" என்றார். மாப்பிள்ளை வெளியே போய் நீல கேட்டைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். உறை பையிலேயே இருந்தது.

மார்ச் 23, சனி

தங்கச்சி காலையெல்லாம் தையல் மெஷினிலேயே இருந்தாள். மத்தியானம் பேசினாள்.

"சுவரை மூடினது உங்க பிழைப்பு. அதைக் கேட்கல. பன்னெண்டு நாள் வாயை வச்சுக்கிட்டு எப்படி இருந்தீங்க? உங்களால பன்னெண்டு நிமிஷம் சும்மா இருக்க முடியாதே."

செவ்வாய்க்கிழமை சொன்னேனே என்று சொல்ல வந்தேன். சொல்லவில்லை.

மார்ச் 24

வக்கீல் கேட்டாள்: "மாமா, வேற யாராவது வாங்கியிருந்தா சுரண்டியிருப்பீங்களா?"

மாட்டேன் என்றேன். அவள் தலையாட்டிவிட்டு வீட்டுப்பாடத்துக்குப் போய்விட்டாள். குறுக்கு விசாரணையே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

மார்ச் 27, புதன்

வாத்தியார் தானே தேடி வந்தார். பிளம்பரைக் கூட்டிவந்து பார்த்தாராம். அடுப்படித் தொட்டியின் கழிவுக் குழாய் சுவருக்குள் உடைந்திருக்கிறது. அஸ்திவாரம் நன்றாக இருக்கிறது. சுவரை உடைத்துக் குழாயை மாற்றினால் போதும். அந்தச் செலவையும் தரகு மிச்சத்தையும் விலையில் கழித்துக்கொள்ளச் சொன்னார். ஏன் எங்களைத் தேடி வந்தீர்கள் என்று மாப்பிள்ளை கேட்டார்.

"சுரண்டிக் காட்டினவங்க வீட்டுக்கு வித்தா, பின்னாடி சண்டை வராது" என்றார்.

அவர் போன பிறகு மாப்பிள்ளை என்னிடம் பேசிய முதல் வார்த்தை: "சுவர் உடைக்க ஆள் வேணும் மச்சான். கூலி கிடையாது."

ஏப்ரல் 18, வியாழன்

ஒப்பந்த நகலோடு மனுக் கொடுத்தாயிற்று. இரண்டு நாள் மிச்சம்.

ஜூன் 3, திங்கள்

பள்ளி திறந்தது. வாசலிலிருந்து வகுப்பு வரை மூன்று நிமிட நடை. வக்கீல் கடிகாரம் பார்த்து, நாலரை என்கிறாள். அவள் கால் சின்னது.

அறைத் தகராறிலும் அவளே தீர்ப்புச் சொன்னாள்: "சுவரை மூடினவங்கதான் சுவர் பக்கம் படுக்கணும்." ஆக உள்ளறை எனக்கு, முன்னறை அவளுக்கு. குழாயை மாற்றி, செங்கல் வைத்துப் பூசியிருக்கிறேன். பெயின்ட் அடிக்கவில்லை. முழுக்கக் காய மாதக் கணக்காகும் என்று பிளம்பர் சொல்லியிருக்கிறார். சிமெண்ட் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன். இதில் தலை வார முடியாது.

ஜூலை 16

எனக்கு வேலை தரக் கூடாது என்று இந்த வட்டாரத்தில் ஒருவர் விடாமல் எல்லோரிடமும் தரகர் சொல்லி வைத்துவிட்டார். ஊரின் அந்தக் கோடியில்தான் வேலை கிடைக்கிறது. இரண்டு பஸ். வக்கீல் போன அதே இரண்டு பஸ். முதல் பஸ்ஸில் நான் தூங்குகிறேன். தோள் கொடுக்க ஆள் இல்லை, கம்பிதான். கண்டக்டர், "பாப்பா எங்கே?" என்றார். பெரிய பள்ளி, முதல் மாதத்திலேயே வகுப்பில் முதல் ஆள் என்றேன். ஏழாவது இடம். அந்தக் கூட்டத்தில் ஏழு என்றால் ஒன்று மாதிரிதான்.

புதுக் கண்ணாடியோடு தங்கச்சி ஒரு மூச்சில் ஊசி கோக்கிறாள்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

சுவருக்குப் பெயின்ட் அடித்தேன். ஒரே கோட். உப்புப் பூத்தால் தெரிய வேண்டும்.

அக்டோபர் 8, செவ்வாய்

மூன்று நாளாக விடாத மழை. காலையில் எழுந்து சுவரைத் தொட்டுப் பார்த்தேன். மேலே காய்ந்திருக்கிறது. கீழ் மூலையில், சன்னல் பக்கம், லேசாக ஈரம்.

தங்கச்சி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "மூலையில ஈரம் இருக்கு" என்றேன்.

"எவ்வளவு?"

"ஒரு கை அகலம்."

"சரி. சாயங்காலம் பிளம்பரை வரச் சொல்றேன்" என்றாள். குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். உள்ளே வந்து பார்க்கவில்லை.