தொண்ணூறாம் நாள் சோதனை

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். நான் கூப்பிட்டால் நீ போனை எடுப்பதில்லை. உறையையாவது பிரிப்பாய் என்றுதான் எழுதுகிறேன். முதலில் நல்ல செய்தி: அப்பா பிடிமானம் இல்லாமல் நடக்கிறார்.

உன் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த அன்று, தொடை வழியாகக் குழாயை விட்டு, மூளையில் அடைத்திருந்த ரத்தக்கட்டியை எடுக்கத் தயாரானபோது டாக்டரம்மா ஒரு தாளை நீட்டினார். கட்டியை எடுத்த பிறகும் உள்ளே வீக்கம் வந்து கெடுக்கலாமாம். அதை அடக்கும் மருந்தைச் சோதிக்கிறார்களாம். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர்; யாருக்கு எது என்று அவருக்கே தெரியாதாம். வேண்டாம் என்றாலும் வழக்கமான சிகிச்சையில் குறை வைக்கமாட்டோம் என்றார். உன்னைக் கூப்பிட்டேன், வேலையில் இருந்தாய் போல. நானே கையெழுத்துப் போட்டேன். "எங்கப்பா என்ன சோதனை எலியா?" என்று நீ கேட்டது இன்னும் குத்துகிறது.

நேற்று தொண்ணூறாம் நாள் பரிசோதனை. உன் அப்பா பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி ஒரு வாரம் ஒத்திகை பார்த்தார். தானாக உடுத்திக்கொள்கிறீர்களா என்று டாக்டரம்மா கேட்டதற்கு, எல்லாம் நானேதான் என்று வாய்கூசாமல் சொன்னார். எனக்கு வந்ததே கோபம். தினமும் சட்டைப் பித்தான் போட்டுவிடுவது நான்தான் என்று போட்டு உடைத்தேன். மருந்து தோற்றுவிடக் கூடாதே என்று பொய் சொன்னாராம், மகானுபாவர்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. உங்களுக்குப் போனது உப்புநீராகவும் இருக்கலாம், பொய் சொன்னால் அடுத்து வருகிறவருக்குத்தான் கேடு என்றார். இவர் முகம் சுண்டிப்போனது. முப்பது வருடத் தையல்காரருக்கு ரோஷம் விடுமா? பித்தான்களை அவிழ்த்து, ஒவ்வொன்றாகத் தானே போட்டார். கால்மணி நேரம் ஆயிற்று. "இத்தனை நாளா என்னை எங்கே போட விட்டே?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். உண்மைதான். கையெழுத்துப் போட்ட பயத்தில் அவரை எதையும் தொட விடாமல் வைத்திருந்திருக்கிறேன். ஆட்டோவில் அழுதுகொண்டே வந்தேன், நிம்மதியில்தான்.

அன்று நான் கையெழுத்துப் போட்டது சரிதானா என்றும் கேட்டே விட்டேன். "நினைவு இருந்திருந்தா நானே போட்டிருப்பேன்" என்றார். அவருக்குப் போனது எது என்று ஆய்வு முடியும்வரை தெரியாது. எதுவாக இருந்தால் என்ன, மனுஷன் என் எதிரே உட்கார்ந்து என்னையே குறை சொல்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் போனுக்குக் கூப்பிடு. நான் எடுக்கமாட்டேன், அவரே வந்து எடுப்பார். நடந்து வரக் கொஞ்சம் நேரமாகும். வைத்துவிடாதே, கண்ணே.

என்றும் உன் நலம் வேண்டும்,
அம்மா