பரீனாவுக்கு முன் வாங்கு

பரீனாட வாப்பாவுக்கு,

சோறும் மீனாணமும் அடுப்படியில் மூடியிருக்கு. மகள் காய்ச்சலோடு படுத்திருக்கிறாள். அடுத்த வீட்டு றாபியா ராத்தா பக்கத்தில் இருக்கிறா.

நான் பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன். கோபப்படாதீங்க. "காது கேளாதெண்டு வெளிய கதைச்சா அவள ஆரு கலியாணம் முடிப்பான்?" என்றீங்க. அதற்குப் பயந்துதான் நானும் இவ்வளவு காலம் வாயைப் பொத்தியிருந்தேன்.

நேற்றுச் சந்தைப் பக்கம் வெடிச் சத்தம் கேட்டதும் வகுப்பே ஓடிவிட்டது. ஆண் பிள்ளைகளை முன் வரிசை வாங்கிலும் பெண் பிள்ளைகளைப் பின் வாங்கிலும்தானே இருத்துகிறார்கள். கடைசி வாங்கில் எங்கட பிள்ளை தனியாகக் குனிந்து கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டு நான் பள்ளிக்கூடத்துக்கு ஓடிப்போய்த் தோளைத் தொடும்வரை அவளுக்கு ஒன்றுமே தெரியாது.

பள்ளிக்கூடத்து அதிபரிடம் உண்மையைச் சொல்லப்போகிறேன். வாயசைவைப் பார்த்து விளங்குகிற பிள்ளைக்கு முன் வாங்கு வேணும். ஓடும் நேரம் கையைப் பிடிக்க ஆள் வேணும். கேட்டதும் பள்ளிக்கூடத்திலிருந்து பேரை வெட்டிவிடுவாரோ என்றுதான் பயம்.

மறந்துபோனேன்: வாசலில் நின்று கூப்பிட்டுவிட்டு, பதில் இல்லையென்று அவளை ஏசாதீங்க. முன்னால் போய் நில்லுங்க. உங்கட முகத்தைக் கண்டால்தான் நீங்க கூப்பிடுவது அவளுக்குக் கேட்கும்.