கீழே நின்று எழுதிய கணக்கு

நவம்பர் 2, ஞாயிறு
தூறல். மணலி ஆலைக் காற்று திருவொற்றியூர்ப் பக்கம் திரும்பிவிட்டது, தொண்டை எரிச்சல். கல்லறைத் திருநாள். மாமனார் சிலுவைக்கு வெள்ளை அடித்து, பெயரைக் கறுப்பில் புதுப்பித்தாயிற்று. பெயிண்டரிடம் என் வீட்டுக்காரர், "அப்பா பேருக்குக் கீழ கொஞ்சம் எடம் வுடுப்பா" என்றார். எனக்குக் கேட்கவில்லை என்று நினைப்பு. மெழுகுவர்த்தி நாலு முறை அணைந்தது.

நவம்பர் 3, திங்கள்
ஆஸ்பத்திரி. ஆறு மணிக்குச் சீட்டு, டாக்டரம்மா வந்தது பதினொன்றுக்கு. வீட்டுக்காரருக்கு ரத்தப் புற்றுநோய், நாலாவது வருடம், தினம் ஒரு மாத்திரை. அடங்கியிருந்தது மறுபடி ஏறியிருக்கிறது. "ஒரு நாள்கூட விடாம சாப்பிடுறாரா?" இவர் எழுதிவரும் மாத்திரை நோட்டைப் பெருமையாக நீட்டினேன். மணலி டேங்க் யார்டில் இருபது வருடம் எண்ணெய் மட்டம் அளந்து எழுதிய கை. தேதி, இரவு 8, சாப்பிட்டாச்சு, கடைசியில் 'அ'. அந்தோணிக்கு அ. டாக்டரம்மா புரட்டிப் பார்த்தார். அப்படியானால் மருந்துதான் வேலை செய்யவில்லை போல, டிசம்பர் 1 மறுபடி ரத்தம் பார்ப்போம், குறையாவிட்டால் வேறு மருந்து என்றார். அது மூன்று மடங்கு விலை.
பஸ்ஸில் இவர் நோட்டை மடியிலேயே வைத்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் நோட்டோடு உட்கார்ந்து வெகுநேரம் எழுதிக்கொண்டிருந்தார்.
விற்க மீதி: தையல் மெஷின். அதை விற்றால் சோறு?

நவம்பர் 4, செவ்வாய்
மழை. இரண்டு பிளவுஸ் பாக்கி. யார்டில் இவரோடு இருந்த வேலு பன் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். பழைய கதை. "மழையில எவன் மாமு டேங்க் மேல ஏறுவான்? நேத்து அளவ பாத்து கீழ நின்னே எழுதிக்குவோம்." இவர், "நானு ஒரு தபா சாயங்கால அளவ காலையிலயே எழுதி வெச்சிட்டேன்" என்றார். சிரித்தார். எத்தனை மாதம் ஆயிற்று அவர் சிரித்து. நானும் சிரித்தேன்.

நவம்பர் 5, புதன்
மாத்திரைக் கடைக்குப் போவது எப்போதும் அவர். தீர்ந்திருக்குமே என்றதற்கு, "இன்னும் கீது" என்றார். அவர் குளிக்கப் போனதும் டப்பாவைத் திறந்தேன். உள்ளே பில். அக்டோபர் 1, முப்பது மாத்திரை. எண்ணினேன், பன்னிரண்டு மீதி. மறுபடி எண்ணினேன். பன்னிரண்டு.
கேட்டேன். "ஒரு நாள் வுட்டு ஒரு நாள் துன்னா ரெண்டு மாசம் வருதில்ல. மிச்சம்தான் ஜெனி காலேஜ் பீஸு. பொண்ணு நர்சிங் முடிக்க இன்னும் ஒரு வருஷம் கீதே, ஸ்டெல்லா."
எத்தனை நாளாக?
"ஈஸ்டர்லேர்ந்து."
எனக்கு வந்தது கோபமா பயமா தெரியவில்லை. மருந்து வேலை செய்யத்தான் செய்தது. பொய்க் கணக்கை டாக்டரிடம் நீட்டியவள் நான். ஒரு மாத்திரையை அவர் கையில் வைத்து, விழுங்கும்வரை எதிரில் நின்றேன். நாளை போய் டாக்டரம்மாவிடம் உண்மையைச் சொல்வதாகப் பேச்சு.

நவம்பர் 6, வியாழன்
மழை விடவில்லை. காலை மணி ஏழு. இனி நோட்டு என் பொறுப்பு என்று எடுத்தேன். இன்றைக்கு எழுத வரி இல்லை, ஏற்கெனவே நிரப்பியிருக்கிறார். இரவு 8, சாப்பிட்டாச்சு, அ. நாளைக்கும் அப்படியே. அடுத்த பக்கமும். டிசம்பர் 1 வரை எழுதி, அதோடு நிற்கிறது.
ஏன் அதோடு நிறுத்தினீங்க என்றேன்.
ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சட்டைப் பட்டன் போட்டுக்கொண்டிருந்தார். "அதுக்கு மேல எனக்குத் தேவப்படாதுன்னு நெனச்சேன்" என்றார்.