மீதி மாத்திரைகள்

ஜூன் 9, 2009, செவ்வாய்

காலையிலிருந்து மழை. கொச்சி, மட்டாஞ்சேரி மார்க்கெட்டுக்குப் பின்னால், கட்டட வேலைக்காரர்கள் கொட்டகை. மலேரியா ஆய்வுக் குழு ஜீப்பில் மற்றவர்கள் பேச்சும் சிரிப்பும். நான் ஜன்னலோரம், மடியில் பெட்டி.

புதுக் கருவி. தையல் மெஷின் மூடி அளவு, பேட்டரியில் ஓடும். விரல்நுனி ரத்தத்தில் மலேரியாக் கிருமியின் மரபணு இருந்தால் சின்னக் குழாய் பச்சையாக ஒளிரும். மைக்ராஸ்கோப்புக்குத் தப்பியதும் இதில் மாட்டும் என்கிறார் குழுத் தலைவர் சார். குழுவில் தமிழ் பேசுகிறவள் நான் மட்டும். வேலை கிடைத்ததே அதனால்தான்.

கொட்டகையில் சமைப்பவள் செல்வி. என் வயது, விழுப்புரம் பக்கம். விரலில் குத்தப் போனேன்.

"ஏன் டாக்டரம்மா, ஒனக்குக் கை நடுங்குது? குத்து வாங்கறது நானு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும். சாயா கொடுத்தாள்.

வாங்க: பஞ்சு, கையுறை. குடைக்கம்பி சரிசெய்ய.

ஜூன் 10, புதன்

செல்வியின் குழாய் பச்சை. மைக்ராஸ்கோப் ஸ்லைடில் ஒன்றுமில்லை. காய்ச்சலும் இல்லை.

"நான் கல்லு மாதிரி இருக்கேன். ஒம் பொட்டிக்குத்தான் காய்ச்சலு."

கிருமி சத்தமில்லாமல் உடம்பில் தங்கும், கொசு அதை மற்றவர்களுக்குக் கொண்டுபோகும், பிறகு ஒருநாள் உன்னையே படுக்கவைக்கும் என்றேன். இவ்வளவு நீளமாக யாரிடமும் பேசியதில்லை.

இரண்டு வாரம் மாத்திரை. மேஸ்திரி கண்ணில் பட்டால் நோய்க்காரி என்று கிளப்பிவிடுவாராம்.

"நீயே வெச்சுக்க. தெனம் வந்து குடு. அப்படியாச்சும் வருவ இல்ல?"

மாத்திரை என் பையில். பெயரை வெளியே சொல்லக்கூடாது. மாநகராட்சிக்கு இடத்தின் விலாசம் மட்டும் போகும். எழுதிக் கொடுத்தேன்.

ஜூன் 12, வெள்ளி

வெயில். நேற்றைப் போலவே மாத்திரை, சாயா. விழுங்கிவிட்டு நாக்கை நீட்டிக் காட்டினாள். இங்கே மீன்குழம்பில் ஏன் புளி போதவில்லை என்று பெரிய வாதம்.

சாயங்காலம் அப்பா சட்டையில் டீசல் நாற்றம். மாநகராட்சியில் கொசுப்புகை அடிக்கிற வேலை.

"இன்னிக்கு மார்க்கெட்டுப் பின்னாடி, பணிக்காரங்க கொட்டகையில புகை மோளே. மலேரியா கேஸ் ஒண்ணு உண்டாம்."

நான் எழுதிக் கொடுத்த விலாசம். பெயரை மறைத்தோம். புகையை எங்கே மறைப்பது?

ஜூன் 13, சனி

கொட்டகை காலி. அடுப்பில் ஈரச் சாம்பல்.

சாயாக்கடைச் சேட்டன்: "காலையில லாரி வந்து எல்லாரையும் கொண்டுபோயி. புகை கண்டு, கேஸாகும்னு மேஸ்திரி பயந்துபோயி. இனி வல்லார்பாடத்தில பணி."

சாரிடம் சொன்னேன். தொடர்பு விட்டுப்போனதாகக் குறித்துக்கொள்ளச் சொன்னார். குறித்தேன்.

மீதி மாத்திரை என் பையில்.

அப்பாவிடமும் சொன்னேன். "நான் எந்து செய்யும் மோளே, அடிக்கச் சொன்னா அடிக்கணும்." அந்தச் சட்டையை அவரே துவைத்துப் போட்டார்.

ஜூன் 14, ஞாயிறு

வைப்பின் தீவுக்குப் படகு, பிறகு பஸ். தனியாக. மழை. பெட்டி இல்லாமல் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

வல்லார்பாடம் தீவு முழுக்கத் தகரக் கொட்டகைகள். இரண்டு இடத்தில் இல்லை என்றார்கள். மூன்றாவதான இங்கே, கேட்டில் ஒரு தமிழ்க் காவலாளி.

"செல்வியா? எந்தச் செல்வி? நீ யாரு, ஆஸ்பத்திரியா?"

ஆமாம் என்று வாய்வரை வந்துவிட்டது. ஆமாம் என்றால் நாளை இந்தக் கொட்டகையும் காலி.

சிநேகிதி என்றேன்.

உள்ளே கேட்கப் போயிருக்கிறான். குடைக்குள் நின்று எழுதுகிறேன், கம்பி இன்னும் சரிசெய்ய— உள்ளேயிருந்து அவள் குரல்.